வாசல் விளக்கு எரியும் வீடுகள்

ஹாலோவீனுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் கதவைத் தட்டலாம். அணைந்திருந்தால் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஏன் எரியவில்லை என்று கேட்கக் கூடாது. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளைகள் யாருக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மற்றப்படி அது ஒக்டோபர் 31ஆம் திகதி மாலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் நடக்கும் கூத்து. ஏதாவது வேஷம் போட்டுக்கொண்டு, தலையணை உறையை விரித்துப் பிடித்தபடி வீடு வீடாகப் போனால், முன்பின் தெரியாதவர்கள் சொக்லேற்றும் சிப்ஸும் போட்டு அனுப்புவார்கள்.

2024இல் என் மகளுக்கு முதல் ஹாலோவீன். கீழ்வரிசையில் இரண்டு பல். நடை இன்னும் வரவில்லை. நாங்கள் இருப்பது மார்க்கம் நகரில் ஒரு புதுக் குடியிருப்பு. அங்கே இந்த நாள் பெரிய எடுப்பில் நடக்கும்: காற்றடைத்த பன்னிரண்டடி எலும்புக்கூடுகள், புகைக் கருவி, சிலர் வீட்டில் பெரியவர்களுக்குத் தனிக் கோப்பை. அதையெல்லாம் விட்டுவிட்டு மகளைக் கென்னடி - எக்ளின்ரன் சந்திக்குக் கிட்ட இருக்கும் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வருடம் தீபாவளியும் அதே வியாழக்கிழமையில் வந்தது சொல்லக்கூடிய காரணம். நான் வளர்ந்த தெருவை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது மற்றது. "ஒரு வயதாகாத பிள்ளைக்குத் தெருவைக் காட்டி என்ன செய்யப்போகிறாய்?" என்று கணவர் கேட்டார். அவருக்குத் தெரியும், பார்க்க வேண்டியிருந்தது எனக்குத்தான்.

அந்தத் தெரு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஐம்பதுகளில் எழும்பியது. மாடியில்லாத சிறிய செங்கல் வீடுகள், எல்லாம் ஒரே வரைபடம். முன்னால் புல், பக்கத்தில் கார் விடும் பாதை, பின்னால் நீட்டு வளவு. எக்ளின்ரன் வீதியில் 'கோல்டன் மைல்' என்று பெயரெடுத்த தொழிற்சாலை வரிசையில் வேலை செய்தவர்கள் வாங்கிக் குடியேறினார்கள். 1959இல் எலிசபெத் மகாராணி வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு அந்தப் பகுதி அப்போது பேர்போனது. நாங்கள் வந்த நேரம் அந்த வாழ்வு இறங்குமுகத்தில் இருந்தது. ஜெனரல் மோட்டர்ஸின் வான் வண்டித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. பழைய ஆட்கள் விற்றுவிட்டு வடக்கே போனார்கள். அப்பாவும் சித்தப்பாவும் இன்னொரு ஊர்க்காரருமாய்ச் சேர்ந்து ஒரு வீட்டை வாங்கினார்கள். "முந்தி என்ன மாதிரி இருந்த இடம் தெரியுமோ" என்று கலியாண வீடுகளில் ஸ்காபரோவைப் பற்றி அலுத்துக்கொள்ளும் தமிழர்களை இப்போது சந்திக்கிறேன். எங்கள் மூன்று குடும்பமும் ஒரு வானில் வந்து இறங்கிய அன்று, திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற யாரோ இதே வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார்கள்.

அதற்கு முன்பு சென்ற் ஜேம்ஸ் ரவுனில் இருந்தோம். ரொறன்ரோவுக்கு வந்த தமிழர்களில் பாதிப்பேர் தங்கள் முதல் குளிர்காலத்தை அந்த மாடிக் கட்டடங்களில்தான் கழித்திருப்பார்கள் என்று எனக்கொரு எண்ணம். அங்கே ஹாலோவீன் வேறு விதம். கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இனிப்புக் கொடுக்க விரும்புகிற வீட்டுக்காரர் தங்கள் இலக்கத்தை அதில் எழுதுவார்கள். பிள்ளைகள் உச்சி மாடியில் தொடங்கிப் படியால் இறங்கி இறங்கி வருவார்கள். குளிரில்லை, கோட்டில்லை, வேஷம் முழுதாகத் தெரியும். தெருவுக்கு வந்த பிறகு அந்தச் சுகம் போயிற்று. அம்மா என்ன வேஷத்துக்கும் மேலால் குளிர்க்கோட்டைப் போட்டு ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுவார். இளவரசி, சூனியக்காரி, பூனை எல்லாமே அந்த ஊதாக் கோட்டுக்குள்தான் நடந்தன.

அதுவும் அப்பா சம்மதித்த பிறகு. அவருக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்கவில்லை. "நான் சாமம் சாமமாய்க் கார்ப் பாக்கில நிண்டு உழைக்கிறது, பிள்ளையள் வீடு வீடாப் போய்க் கையேந்தவோ?" என்றார். அகதியாக வந்து இறங்கிய மனிதர். கையேந்துவது அவருக்கு வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த துண்டுக் கடிதமும் அவரை அசைக்கவில்லை. அசைத்தது பக்கத்து வீட்டில் தனியாக இருந்த கிரேக்கப் பாட்டி. வேலிக்கு மேலால் ஒரு பெரிய பையைத் தூக்கிக் காட்டி, எங்கள் பிள்ளைகளுக்காகத்தான் வாங்கினேன் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையாலும் சொன்னார். "ஆக்கள் வாங்கி வச்சுப் பாத்துக்கொண்டிருக்கப் போகாட்டி மரியாதையில்லை," என்றார் அம்மா. அப்பாவால் அதை மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் கணக்கில் நாங்கள் கேட்கப் போகவில்லை. அழைத்த வீடுகளுக்குப் போகிறோம். எரிகிற விளக்குத்தான் அழைப்பு.

போய்வந்தால் சோதனை. தலையணை உறையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, குழல் விளக்கின் கீழ் அப்பா ஒவ்வொன்றையும் பிரட்டிப் பிரட்டிப் பார்ப்பார். உறை பிசகியிருந்தால் குப்பை. அப்பிள் தந்திருந்தால் நாலாய் வெட்டிப் பார்த்துவிட்டுக் குப்பை. அப்பிளுக்குள் சவர அலகு, மிட்டாயில் நஞ்சு என்று அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரு பயம். 1982இல் சிக்காகோவில் தைலனோல் மாத்திரைகளில் யாரோ சயனைட் கலந்து ஏழு பேர் செத்த பிறகு அந்தப் பயம் இன்னும் தடித்தது. ஜோயல் பெஸ்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பழைய செய்திகளையெல்லாம் தோண்டிப் பார்த்து, ஹாலோவீனில் அந்நியர் ஒருவர் கண்டபடி கொடுத்த இனிப்பால் பிள்ளை இறந்ததாக உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவருக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று கேட்டார்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் ஹாலோவீன் 1995. செவ்வாய்க்கிழமை. முதல்நாள் இரவு, கனடாவிலிருந்து பிரிவதா என்ற கியூபெக் மாகாணப் பொதுவாக்கெடுப்பில் பிரிவினை மயிரிழையில் தோற்றிருந்தது. வகுப்பில் ஆசிரியை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் வேறு கதை. அந்த 30ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்க, புலிகள் ஒலிபெருக்கியில் சொல்ல, நாலைந்து லட்சம் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. இணுவிலில் இருந்த அம்மம்மா அதற்குள் எங்கேயோ. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கொழும்பிலிருந்து ஒருவர் சொன்னதை லண்டனில் ஒருவர் கேட்டு எங்களுக்குச் சொல்லும்படியாகச் செய்தி வந்தது.

வீடு நிறைய ஆட்கள். தெரிந்தவர்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் வாசல் விளக்கு எரிந்தபடியே இருந்தது. விளக்கைக் கண்ட பிள்ளைகள் தட்டினார்கள். கதவைத் திறந்தால், உள்ளே அழுகையும் தொலைபேசியும். வெளியே ஒரு வெள்ளைத்துணிப் பேய், ஒரு பற்மன், பின்னால் கையசைக்கும் தாய்மார். அந்த வருடம் வீட்டில் யாரும் சொக்லேற் வாங்க நினைக்கவில்லை. அம்மா குசினிக்குப் போய், தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த மலிபன் லெமன் பஃப் பெட்டிகளை எடுத்துவந்து, ஒரு பேப்பர் நாப்கினில் இரண்டிரண்டாய்ச் சுற்றிக் கொடுத்தார். வந்த பிள்ளைகள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அவற்றில் எத்தனை பிறகு குழல் விளக்கின் கீழ்க் குப்பைக்குப் போயினவோ.

அன்றைக்கு என் கழுத்தில் ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெப்பின் செம்மஞ்சள் பெட்டி தொங்கியது. கனடாவில் 1955 முதல் பிள்ளைகள் ஹாலோவீனில் அந்தக் காகிதப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சில்லறை சேர்த்தார்கள். 2006இல் அதை நிறுத்திவிட்டார்கள். இனிப்போடு இரண்டு செப்புக்காசும் விழும். இப்போது செப்புக்காசே இல்லை. எல்லோரும் இருந்த அறையைத் தாண்டி நான் வெளிக்கிட, அம்மா கூப்பிட்டுப் பெட்டியைத் திருப்பி எழுத்தைப் பார்த்தார். ஊரில் தண்ணீர்த் தாங்கிகளில் இருந்த அதே பெயர். உடுப்புத் தோய்க்கும் யந்திரத்துக்காகப் போத்தலில் சேர்த்து வைத்திருந்த 25 சதக் குவாட்டர்களை அப்படியே கொட்டினார். பெட்டி கனத்தில் கிழிந்து, சித்தப்பா பசைநாடா சுற்றித் தந்தார். வகுப்பில் அதை எண்ணும்போது ஆசிரியை இரண்டு தரம் எண்ணினார். அம்மம்மா கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று தெரியவரக் கார்த்திகை பாதி கழிந்துவிட்டது.

இனி 2024. காலையில் எண்ணெய் வைத்து முழுக்கு, புது உடுப்பு, அம்மாவின் பயற்றம் பணியாரம். வெடி இல்லை. ரொறன்ரோவில் அனுமதி எடுக்காமல் வாணவேடிக்கை விடக்கூடியது விக்ரோறியா நாளிலும் கனடா நாளிலும் மட்டும். மாலையில் வேஷம். என் கணவர் நப்பிப் பெட்டி அட்டைகளை வெட்டி, நீலம் அடித்து, தள்ளுவண்டியைச் சுற்றி ஒட்டி அதை ஆர்.ரி ரயிலாக்கியிருந்தார். ரயிலின் நெற்றியில் தட இலக்கம் '3'. மகள் சாரதி.

இது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் புரியும் வேடிக்கை. கென்னடி நிலையத்திலிருந்து மக்கவனுக்குப் பாதி தரையிலும் பாதி தூண்களின்மேலும் ஓடிய அந்தச் சின்ன ரயில் 1985இல் வந்தது. ஆறே நிலையம். பனி கொட்டினால் நிற்கும், திரும்பும்போது கீச்சிடும். ஸ்காபரோக்காரர் அதைத் திட்டாத நாளில்லை. 2023 நொவம்பரில் முறையாக மூடுவதாக இருந்தார்கள். அதற்குள் யூலை 24ஆம் திகதி எல்ஸ்மியர் நிலையத்துக்குக் கிட்டக் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டுக் கழன்றது. ஐந்து பேருக்குக் காயம். பிறகு அது ஓடவே இல்லை. இப்போது பஸ்.

இருட்டுவதற்குக் காத்திருந்தோம். என் சிறுவயதில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். ஒக்டோபர் கடைசி ஞாயிறே மணிக்கூட்டைப் பின்தள்ளிவிடுவார்கள். 2007 முதல் அது நொவம்பருக்குத் தள்ளிப்போக, ஹாலோவீனுக்கு ஒரு மணித்தியால வெளிச்சம் கூடியது. அமெரிக்க மிட்டாய்க் கம்பனிகள் நெடுநாளாய்க் கேட்டது அதைத்தான். காலநிலையும் கைகொடுத்தது: வெப்பம் 20 பாகையைத் தாண்டியிருந்தது. ஒக்டோபர் கடைசியில் கோட்டில்லாமல்! அம்மா மட்டும் ஒரு கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

தெரு அடையாளம் தெரியாமல் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். பாதி வீடுகள் அப்படியே. இடையிடையே இடித்துக் கட்டிய மூன்று தட்டுச் சாம்பல் நிறப் பெட்டி வீடுகள். எக்ளின்ரன் பக்கம் வானத்தில் பாரந்தூக்கிகள். அப்பாவை மூன்று பேராய்ச் சேர்ந்து வாங்க வைத்த வகை வீட்டை இப்போது மில்லியன் டொலருக்கு விலை சொல்கிறார்கள். எனக்கு உறைத்தது வேறொன்று. இந்தத் தெருவில் என் காலத்தைவிட இப்போது சனம் கூட. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் மூன்று நான்கு கார், குப்பைத் தொட்டிகள் வரிசையாக. ஆனால் எரிந்த வாசல் விளக்குகள் குறைவு. ஏனென்றால் வாசல் குறைவு. மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்றில் இரண்டு, பின்வளவில் 2022இல் மாநகரசபை அனுமதித்த தோட்டவீடு ஒன்று. இவர்களெல்லாம் பக்கக் கதவாலும் பின் ஒழுங்கையாலும் போய்வருகிறார்கள். முன்கதவு ஒருவருடையது, பல இடங்களில் அந்த ஒருவரும் ரிச்மண்ட் ஹில்லில் இருந்துகொண்டு வாடகை மட்டும் எடுக்கிறார். பக்கக் கதவைப் பிள்ளைகள் தட்டுவதில்லை. அதற்கு மேலே விளக்கு இருந்தாலும் அது நடைபாதைக்குத் தெரியாது.

சனம் மாறியதால் தெரு செத்துவிட்டது என்பவர்களோடு அதனால்தான் எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. விளக்கு எரிந்த வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள்தான். ஒரு வங்காளக் குடும்பம் படியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய பாட்டி மகளைத் தூக்கித் தரச் சொல்லிக் கையை நீட்டினார். பிலிப்பினோ தாதி ஒருவர் வேலை உடுப்போடு நின்றார்; வேஷமா வேலையா என்று கேட்க, "இரண்டும்" என்றார். பெட்டி வீடு ஒன்றில் மணியை அழுத்தியதும் கமராவுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல்: தான் வேலையில் நிற்கிறாராம், கிண்ணம் கீழே இருக்கிறதாம், பிள்ளைக்கு இரண்டாக எடுக்கட்டாம். கோடியில் ஒரு தமிழ் ஐயா. அவருடைய பிள்ளைகள் விற்பி நகரில் வீடு எடுத்துப் போய்விட்டார்கள். வண்டியைப் பார்த்ததும் அவர்தான், "அட, எங்கட ஆர்.ரி!" என்று உரக்கச் சிரித்தார். மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு நீலப் பெட்டி. வங்காளப் பாட்டி குளிர்சாதனப் பெட்டி என்றே முடிவுகட்டியிருந்தார். ஐயா ஒரு கொஃபி கிறிஸ்ப் சொக்லேற்றும், மகளின் நெற்றியில் ஒரு விபூதிக்கீற்றும் தந்தார்.

கிரேக்கப் பாட்டியின் வீடு இருட்டாக இருந்தது. பாட்டி எப்போதோ போய்விட்டார். வீடு யாருடையதென்று அம்மாவுக்கும் தெரியாது. கடந்து போனோம்.

திரும்பி வரும்போது எங்கள் வீட்டுப் பக்கக் கதவடியில் இரண்டு பெடியன்கள். அம்மாவின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள். ஒருவர் கோயம்புத்தூர், மற்றவர் திருநெல்வேலி. வெளிநாட்டு மாணவர் தொகைக்கு மத்திய அரசு அந்த ஜனவரியில் வரம்பு கட்டியதிலிருந்து இருவருக்கும் முகத்தில் ஒரு யோசனை. வீட்டைவிட்டு வந்த பிறகு முதல் தீபாவளி. ஹாலோவீனும் அவர்களுக்கு என் மகளைப் போலவே முதல்தரம். "அக்கா, நாங்க சும்மா பாப்பா கூட ஒரு ரவுண்டு வரலாமா? பெரியவங்க போனா தப்பா நினைப்பாங்களா?" என்று திருநெல்வேலிக்காரர் கேட்டார். குழந்தையோடு போனால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்றேன். கணவர் வண்டியை அவர்களிடமே கொடுத்து இன்னொரு தெருவுக்கு அனுப்பிவிட்டுத் தானும் பின்னால் போனார். பெரிய வேஷம் ஒன்றுமில்லை. வேட்டி கட்டிய இரண்டு பேர் ஒரு ரயிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அரை மணித்தியாலத்தில் பக்கத்து பேஸ்மென்றுகளிலிருந்து அவர்களின் சிநேகிதர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்களாம். பஞ்சாபிப் பிள்ளை ஒன்று தோளில் போர்வை போட்டுக்கொண்டு வந்து, தான் சுப்பர்மான் என்றதாம்.

அதற்குள் அம்மா ஒரு காரியம் செய்திருந்தார். முன்வாசலில் இருந்த தீபாவளி விளக்குகளில் இரண்டை எடுத்துப் பக்கக் கதவின் படியில் வைத்து, பூசணிக்காயையும் அப்பாவைக் கொண்டு தூக்கி நடைபாதைக்குத் தெரிகிற மூலைக்கு நகர்த்தி வைப்பித்திருந்தார். "அந்தப் பெடியளும் ஆரும் வந்து தட்டினாக் குடுக்கட்டுமன்," என்று ஒரு கிண்ணம் நிறையச் சொக்லேற்றைக் கீழே இறக்கினார். வந்தார்கள். அதிகம் பேர் இல்லை; ஆனால் கோயம்புத்தூர்க்காரர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கைநிறைய அள்ளிக் கொடுத்ததில் எட்டு மணிக்கு முன்பே கிண்ணம் காலி. "ஒண்டு ஒண்டாக் குடுக்கோணும் எண்டு நீ சொல்லேல்லையோ?" என்று அம்மா என்னைப் பிடித்தார்.

மகள் எல்லாவற்றுக்கும் நடுவில் தூங்கிவிட்டாள். அவளுக்குச் சேர்ந்ததில் அவள் சாப்பிடக்கூடியது ஒன்றும் இல்லை. கொஃபி கிறிஸ்ப் எல்லாம் கணவருக்கு; றொக்கெற்ஸ் என்ற சுண்ணாம்புக் குளிசை மிட்டாயை வழக்கம்போல யாரும் தொடவில்லை. கண்ணும் வாயும் வெட்டிய பூசணிக்காயை அடுத்த நாள் அம்மா தட்டிப் பார்த்து, வெறும் தண்ணிக்காய், கறிக்கும் உதவாது என்று பச்சைத் தொட்டிக்குள் போட்டார். நகரின் மேற்கே சொறோரன் பூங்காவில் 2004 முதல் நொவம்பர் 1ஆம் திகதி பூசணிகளை வரிசையாய் அடுக்கி, மெழுகுதிரி ஏற்றி, ஊரே கூடிப் பார்த்துவிட்டுத்தான் எருவுக்கு அனுப்புகிறார்கள் என்றேன். "அவைக்கு வேலையில்லை," என்றார்.

அப்பா அதற்குள் கடைக்குப் போய், அரைவிலைக்குப் போட்டிருந்த ஹாலோவீன் சிப்ஸ் பெட்டிகளில் இரண்டைத் தூக்கி வந்துவிட்டார். அடுத்த வருஷத்துக்காம், கீழ்ப் பக்கத்துக்கும் சேர்த்து வேணுமாம். குழல் விளக்கு இருந்த இடத்தில் இப்போது எல்.ஈ.டி. அதன் கீழ் பெட்டியைப் பிரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திகதியைப் பார்த்தார். மாசி மாதத்தோடு முடிகிறது.

"அப்ப இப்பவே சாப்பிடுவம்," என்று ஒன்றை உடைத்தார்.